சீஸ் காப், மீ டக்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கல்லாவுக்கு முன்னால் வந்து நின்ற பெரியவர் "சீஸ் காப், மீ டக்" என்றார். அதில் சீஸ் எனக்குத் தெரியும். டக் என்றால் வாத்து, அதுவும் தெரியும், இரண்டாம் வகுப்பிலேயே படித்தது. நடுவில் வந்த காப் மட்டும் என்னவென்று புரியவில்லை. சரி, தெரிந்ததிலிருந்து தொடங்குவோம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்த கிண்ணங்களில் வாத்துக்கறி எது என்று தேடினேன். கோழி இருந்தது, பன்றித் துண்டு இருந்தது, மயோனைஸில் பிசைந்து வைத்த டூனா மீன் இருந்தது, வாத்து இல்லை. "சாரி சார், நோ டக் டுடே" என்று பணிவாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கடைக்காரம்மாவைப் பார்த்தார், அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பத்து வருஷம் ஆகியும் காதில் கேட்கிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் லெஸ்டரில், சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், நாலு பேர் நின்றால் நிரம்பிவிடும் சாண்ட்விச் கடை அது. வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் வேலை கிடைத்து வந்தோம், நான் ஆறு மாதம் வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் இந்த வேலையில் சேர்ந்தேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வெட்கமாக இருந்ததால் இரண்டாவது பத்திக்குத் தள்ளிவிட்டேன்.

மீ என்றால் மை, அதாவது என். டக் என்றால் இந்தப் பக்கம் கண்ணு, ராசா, தங்கம் மாதிரி. லெஸ்டர், நாட்டிங்ஹாம், டார்பி, இந்த வட்டாரம் முழுக்க எண்பது வயதுப் பாட்டியும் டக்தான், பஸ் ஓட்டுநரும் டக்தான். காப் என்றால் வட்டமான ரொட்டி, நம் பன்னைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே மொறுமொறுப்பாக இருந்தால் கிரஸ்டி காப், மெத்தென்று இருந்தால் சாஃப்ட் காப், உள்ளே உருளைக்கிழங்கு வறுவலை அடைத்தால் சிப் காப். இதே ரொட்டியை ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கவன்ட்ரியில் பேட்ச் என்பார்கள், மான்செஸ்டரில் பார்ம், இன்னும் சில ஊர்களில் பாப். மான்செஸ்டரிலிருந்து வந்த ஒருவர் கடையில் பார்ம் கேட்டார், கடைக்காரம்மா காது கேட்காதவர் போல நின்றார், அவர் காப் என்று சொல்லும்வரை அசையவில்லை. சொல்லுக்கு இவ்வளவு ரோஷம் பார்ப்பவர்களை நம் ஊரில்தான் பார்க்க முடியும் என்று நினைத்திருந்தேன்.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் சாப்பாட்டுக்கு எத்தனை சொல் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். டேஸ்டி, டெலிஷியஸ், ஸ்வீட், சோர், பிட்டர். முடிந்தது. அதற்கு மேல் போனால் கீட்ஸ் கவிதையில் திராட்சை ரசம் வரும், அதை வைத்துக்கொண்டு ஒரு சாண்ட்விச் விற்க முடியாது. கடைக்கு வருகிறவர் "இஸ் தி ஹாம் டிரை?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தரவில்லை.

முதல் வாரத்தில் தினமும் நூறு முறை நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி "ரெட் ஆர் பிரவுன்?" என்பது. ரெட் என்றால் தக்காளி கெச்சப். பிரவுன் என்றால் பிரவுன் சாஸ். இவ்வளவு பெரிய சாம்ராஜ்யம் ஆண்டவர்கள், ஒரு சாஸுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் அதன் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் கடை சாத்தியபிறகு விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். புளி! சந்தேகமே இல்லை, நம் புளிதான், கூடவே பேரீச்சம்பழம், வெல்லப்பாகு மாதிரி ஒரு கருத்த இனிப்பு, வினிகர். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பொருள் பட்டியலில் டாமரிண்ட் என்றே போட்டிருந்தது. இவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வூஸ்டர் சாஸிலும் புளி இருக்கிறது, நெத்திலி வகை மீனும் இருக்கிறது. காலையில் பன்றி இறைச்சி காப்பில் பிரவுன் சாஸை ஊற்றிச் சாப்பிடும் கட்டடத் தொழிலாளியிடம் போய், அண்ணே நீங்க சாப்பிடுறது புளிக்காய்ச்சலோட ஒண்ணுவிட்ட தம்பி என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதற்கான ஆங்கிலம் அப்போது என்னிடம் இல்லை.

சீஸ் விஷயத்தில் வேறு மாதிரி அவஸ்தை. செடார் சீஸில் மைல்டு, மெச்சூர், எக்ஸ்ட்ரா மெச்சூர் என்று படிகள் உண்டு. எவ்வளவு நாள் பழுக்க வைத்தார்கள் என்பதைப் பொறுத்துக் காரம் கூடும், காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை, நாக்கின் இரண்டு ஓரத்திலும் சுருக்கென்று பிடிக்குமே, அது. அதற்கு ஷார்ப் என்று சொல் வைத்திருக்கிறார்கள், அருமையான சொல். ஆனால் மெச்சூர் என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்கு எங்கள் ஊர் சாத்தூரில் பந்தல் போட்டு, குலவையிட்டு, தாய்மாமன் சீர் கொண்டுவருவதுதான் நினைவுக்கு வரும். ஒரு நாள் அம்மாவிடம் போனில் "இங்க சீஸெல்லாம் மெச்சூர் ஆகும்மா" என்றேன். "என்னடி சொல்ற, அதுக்கும் புட்டு சுத்துவாங்களா?" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேராலும் பேச முடியவில்லை.

தெரியாத சொல்லைக்கூட சமாளித்துவிடலாம், கேட்டுத் தெரிந்துகொள்வோம். தெரிந்த சொல் வேறு அர்த்தத்தோடு வந்து நிற்கும் பாருங்கள், அதில்தான் மாட்டிக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வியாழக்கிழமை "ஐந்து மணிக்கு டீக்கு வாருங்கள்" என்றார்கள். டீதானே, கூட இரண்டு பிஸ்கட் கொடுப்பார்கள், ஆறு மணிக்குத் திரும்பிவிடலாம் என்று சாம்பார் வைத்து, உருளைக்கிழங்கு பொரித்து, நாலரைக்கே சாப்பிட்டுவிட்டுப் போனோம். மேஜையில் ஆட்டுக் கொத்துக்கறிக்கு மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பூசி அடுப்பில் வாட்டிய ஷெப்பர்ட்ஸ் பை, பட்டாணி, கேரட், கிரேவி. இந்தப் பக்கத்திலும் இங்கிலாந்தின் வடக்கிலும் பலருக்கு டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு. டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா "வாட் வுட் யூ லைக் ஃபார் புட்டிங்?" என்றார், புட்டிங் என்றால் எந்த இனிப்பாக இருந்தாலும் புட்டிங்தானாம், கேக்கும் புட்டிங், ஐஸ்கிரீமும் புட்டிங். ஆனால் யார்க்ஷயர் புட்டிங் இனிப்பு இல்லை, கிரேவியோடு தின்கிற பொசுபொசுவென்ற மாவுக் கிண்ணம். பிளாக் புட்டிங்கோ பன்றி ரத்தத்தில் செய்த ரத்தப்பொரியல் மாதிரி, குடலில் அடைத்தது. ஒரு சொல்லை இவ்வளவு தூரம் இழுத்தால் கிழிந்துவிடாதா?

இதைவிட மோசம் அந்த டிசம்பரில் நடந்தது. வீட்டுக்காரர் கடைக்குப் போய் கொத்துக்கறி வாங்கிவருகிறேன் என்று ஒரு கண்ணாடிக் குப்பியோடு வந்தார், மேலே மின்ஸ்மீட் என்று எழுதியிருந்தது. மின்ஸ் என்றால் கொத்தியது, மீட் என்றால் கறி, இதில் என்ன சந்தேகம்? கோலா உருண்டைக்கு வெங்காயம், சோம்பு, பொட்டுக்கடலை எல்லாம் அரைத்துத் தயாராக வைத்திருந்தேன். குப்பியைத் திறந்ததும் பட்டை, கிராம்பு வாசம். "பாரு, மசாலாவே போட்டுத் தர்றான்" என்றார். கரண்டியை விட்டால் உலர்ந்த திராட்சை வருகிறது. ஆப்பிள் துண்டு வருகிறது. பிராந்தி வாசம் வருகிறது. ஒரு காலத்தில் உண்மையாகவே அதில் கறி போட்டிருக்கிறார்கள், காலப்போக்கில் கறி போய்விட்டது, கொழுப்பு மட்டும் தங்கியது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. கறிக்கு வேண்டுமானால் மின்ஸ் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும், பின்னால் மீட் சேர்த்தால் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குள் வைக்கிற பூரணம். அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான்.

டிபன் என்கிற சொல்லை நாம் வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கினோம், இல்லையா? இங்கே வந்து யாரிடமாவது டிபன் சாப்பிட்டாச்சா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கடையில் டிபன் விற்கிறோம், தூள் பிஸ்கட்டையும் திராட்சையையும் வெண்ணெயோடு கலந்து மேலே சாக்லேட் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இறுகவைத்து வெட்டின துண்டு. இட்லியும் கிடையாது, அடுக்கும் கிடையாது. அம்மா காலையில் போன் செய்து "என்ன டிபன்?" என்று கேட்கும்போது நான் அந்தத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு நாள் கடைக்காரம்மா பால் ஜாடியை என் பக்கம் நீட்டி "ஹாஸ் திஸ் கான் ஆஃப்?" என்றார். எனக்குத் தெரிந்து அலாரம் கான் ஆஃப் ஆகும், வெடிகுண்டு ஆகும். பால் எப்படி? மோந்து பார் என்று சைகை காட்டினார். கெட்டுப்போனதற்கு அவர்களுக்கு அந்த ஒரு ஆஃப் போதுமாக இருக்கிறது. பால் ஆஃப், கறி ஆஃப், மீன் ஆஃப். நமக்கு அப்படி முடியுமா? பால் திரிந்துபோகும், சாம்பார் ஊசிப்போகும், தோசைமாவு புளித்துப்போகும், எண்ணெய்ப் பலகாரம் சிக்கு வாடை அடிக்கும், முறுக்கு நமுத்துப்போகும். இதில் ஒன்றை மாற்றிச் சொன்னால் பாட்டி அடிப்பாள். அவர்களிடமும் பாலுக்கு ஒரு சொல், எண்ணெய்க்கு ஒரு சொல் என்று அகராதிக்குள் இருக்கத்தான் செய்கிறது, கடையில் புழங்குவது ஆஃப்தான்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வாய்க்குள் ஒரு பண்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்வதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். கேக் உள்ளே கொஞ்சம் ஈரமாக, அழுத்தினால் பிசுக்கென்று இருந்தால் ஸ்க்விட்ஜி. மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு நாக்கால் துழாவித் துழாவி எடுக்க வேண்டியிருந்தால் கிளாகி. வேர்க்கடலை வெண்ணெய் கிளாகி, நம் ஊர் பொரிமாவு உருண்டையும் கிளாகிதான். தின்றதும் வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டால் ஸ்டாட்ஜி. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மோரிஷ். மோர் என்பதோடு ஒரு இஷ் ஒட்டவைத்த சொல், ஒன்று தின்றால் இன்னொன்று, இன்னொன்று என்று கை நிற்காமல் போகுமே, அந்தக் குணம். ஊரிலிருந்து வந்த காராச்சேவைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்தேன், சாத்தூர்க் காராச்சேவு, பூண்டும் வற்றலும் போட்டது. கடைக்காரம்மா முதலில் இரண்டு எடுத்தார், அப்புறம் ஒரு கை எடுத்தார், அப்புறம் "தே ஆர் வெரி மோரிஷ், டக்" என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்தைத் தன் பக்கம் நகர்த்திவைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிகிறது, கை நிற்கவில்லை.

நமுத்துப்போவது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை வைத்து இங்கே ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ஜாஃபா கேக் என்று ஒரு பண்டம், கீழே மெத்தென்று கேக், நடுவில் ஆரஞ்சு ஜெல்லி, மேலே சாக்லேட், அளவில் பிஸ்கட் மாதிரி, விற்பதும் பிஸ்கட் வரிசையில்தான். இந்த நாட்டு வரிச் சட்டப்படி கேக்குக்கு விற்பனை வரி கிடையாது, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. நீ கேக்கா பிஸ்கட்டா என்று வரித்துறை கேட்க, 1991இல் தீர்ப்பாயம்வரை போனது. அங்கே எடுத்து வைத்த வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? பழசானால் கேக் காய்ந்து இறுகும், பிஸ்கட் இளகி நமுத்துப்போகும். ஜாஃபா கேக் இறுகுகிறது. ஆகவே கேக். தீர்ப்பும் அப்படியே வந்தது. இதைப் படித்ததும் நமுத்துப்போ என்ற நம் சொல்லின் மேல் மரியாதை கூடிவிட்டது, அவர்கள் தீர்ப்பில் ஒரு வாக்கியம் போட்டுச் சொன்னதை எங்கள் பாட்டி டப்பாவைத் திறந்ததுமே ஒரே சொல்லில் சொல்லிவிடுவாள்.

லெஸ்டர் சிப்ஸ் ஊர். இங்கே அதற்கு கிரிஸ்ப்ஸ் என்று பெயர், சிப்ஸ் என்றால் சூடான தடிமனான வறுவல், குழப்பிக்கொள்ளக் கூடாது. வாக்கர்ஸ் என்கிற கம்பெனி இந்த ஊரில்தான் தொடங்கியது, இன்றைக்கும் அவர்களுடைய பெரிய ஆலை இங்கேதான் ஓடுகிறது. கடையில் ஒவ்வொரு காப்புக்கும் ஒரு கிரிஸ்ப்ஸ் பாக்கெட் போகும் என்பதால் நான் சுவைப் பெயர்களைத்தான் முதலில் மனப்பாடம் செய்தேன். சால்ட் அண்ட் வினிகர், சீஸ் அண்ட் ஆனியன், ஸ்மோக்கி பேகன், பிரான் காக்டெயில். கடைசியில் சொன்னதைப் பிரித்தபோது கருவாட்டு மணத்தை எதிர்பார்த்தேன், இறால் அல்லவா! ஒரு மண்ணும் இல்லை. இனிப்பும் புளிப்புமாகத் தக்காளி சாஸ் மாதிரி ஏதோ ஒரு இளஞ்சிவப்புப் பொடி. பாக்கெட்டின் பின்புறம் சைவர்களுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறது. இறாலைத் தொட்டுக்கொள்ளும் சாஸின் சுவையைப் போட்டுவிட்டு இறாலை விட்டுவிட்டார்கள், மீன்குழம்பு வைத்துவிட்டு மீனைப் போடாத மாதிரி. 2009இல் இதே கம்பெனி மக்களிடம் புதுச் சுவை கேட்டு நடத்திய போட்டியில் அணில் சுவை ஒன்று கடைசிச் சுற்றுவரை வந்தது. கேஜன் ஸ்குவிரல். அதிலும் அணில் கிடையாது. ஜெயித்தது பில்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட், கட்டடத் தொழிலாளியின் காலைச் சாப்பாடு, முட்டை, பன்றி, டோஸ்ட் எல்லாம் சேர்ந்த சுவையாம்.

இதில் உருப்படியான ஒரு சொல் பாடம் உண்டு, கடைக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், சாமான் வாங்கும்போது உங்களுக்கும் உதவும். பாக்கெட்டில் ஸ்ட்ராபெரி ஃபிளேவர் என்று இருந்தால் அதில் ஸ்ட்ராபெரி துளிகூட இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்ட்ராபெரி ஃபிளேவர்டு என்று இருந்தால் அந்தச் சுவை பெரும்பாலும் உண்மையான ஸ்ட்ராபெரியிலிருந்து வந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு டு, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் ஆங்கில ஆசிரியர் இறந்தகால விகுதிக்காக எத்தனை பிரம்படி கொடுத்திருப்பார், இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லியிருந்தால் அடியே தேவைப்பட்டிருக்காது.

மார்மைட் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இங்கிருந்து பக்கம்தான் பர்ட்டன் என்கிற ஊர், பீர் வடிக்கும் ஊர், அங்கே 1902இல் ஆரம்பித்தது, பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற சத்து. பார்க்க லேகியம். ரொட்டியில் தடவித் தின்பார்கள் என்று கேட்டு, நான் ஜாம் தடவுகிற மாதிரி கரண்டி நிறைய எடுத்து அப்பிக்கொண்டேன். யாராவது முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். உப்பு முதலில் அடித்தது, பின்னாலேயே ஒரு கசப்பு, அப்புறம் மூன்று நாள் சுண்டவைத்த கறிக்குழம்பின் அடியில் கருகி ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தின்ற மாதிரி ஒரு கனம், அந்தக் கனத்துக்குத்தான் உமாமி என்று பெயர். டோக்கியோவில் இக்கேடா என்கிற வேதியியலாளர் 1908இல் கொம்பு என்கிற கடற்பாசியின் சாற்றிலிருந்து கண்டெடுத்து வைத்த ஜப்பானியச் சொல், ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது. ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன் மேல் மார்மைட்டை வெறும் நிறம் தெரிகிற அளவுக்கு இழுத்துவிட வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன், இப்போது எனக்குப் பிடிக்கும். வீட்டுக்காரர் குப்பியைக் கண்டாலே எழுந்து போகிறார். இந்தக் குணத்தால் அந்தப் பெயரே பேச்சு வழக்கில் ஏறிவிட்டது, சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகவே ஆகாது என்கிற ஆளை, பாட்டை, நடிகரை "எ பிட் மார்மைட்" என்பார்கள். நமக்குப் பாகற்காய் இருக்கிறது, ஆனால் யாரையும் நாம் பாகற்காய் ஆள் என்று சொல்வதில்லை. சொன்னால் நன்றாகத்தான் இருக்கும்.

வாடிக்கையாக வரும் ஒரு டச்சுக்காரப் பெண், ஊருக்குப் போய்விட்டு வந்து கறுப்பு மிட்டாய் ஒன்றை நீட்டினாள். லிக்கரிஷ் எனக்கு அதற்குள் பழக்கம், அது நம் அதிமதுரம், இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்வோமே, அந்த வேரின் சாறு. அதனால் தைரியமாகப் போட்டுக்கொண்டேன். இது உப்பு லிக்கரிஷ். சாதாரண உப்பும் இல்லை. வாயில் போட்ட ஐந்தாவது நொடியில் மூக்குக்குள் சுரீரென்று ஒன்று ஏறியது, நான் அதை எங்கேயோ மோந்திருக்கிறேன், எங்கே, எங்கே என்று யோசித்தால், சாத்தூரில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார், துருத்தி ஊதி, பித்தளைப் பாத்திரத்தைக் காயவைத்து, உள்ளே வெள்ளைப் பொடியைத் தூவிப் பஞ்சால் தேய்ப்பார், குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும், குழந்தைகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னும் கிட்டே போவோம். நவச்சாரம்! அந்த மிட்டாயில் போடுவதும் அதே அம்மோனியம் குளோரைடுதான், சால்மியாக் என்கிறார்கள், நெதர்லாந்திலும் பின்லாந்து பக்கத்திலும் குழந்தைகளே கேட்டு வாங்கித் தின்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "நவச்சாரத்தையா திங்குற? அங்க சோறு கிடைக்கலையாடி?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஈயம் பூசுற மனுஷன் இப்பல்லாம் வர்றதே இல்ல" என்றாள்.

அந்தச் சுவைக்குக்கூட அவர்களிடம் பெயர் இருக்கிறது, நம் துவர்ப்புக்கு இல்லை. அறுசுவையில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நாலுக்கும் நேர்ச் சொல் உண்டு, காரத்துக்கு ஹாட். துவர்ப்பை அகராதி அஸ்ட்ரிஞ்சன்ட் என்கிறது, அந்தச் சொல்லை நான் இங்கே கேட்டது முகத்தில் பூசுகிற திரவப் பாட்டிலில் மட்டும்தான். வாழைப்பூ, பாக்கு, மாவடு, நாவல்பழம், கடுக்காய் என்று நாம் தினம் ஒரு துவர்ப்பை மென்றுகொண்டிருக்கிறோம். ஒருநாள் சரியாகப் பழுக்காத பெர்சிமன் பழத்தைக் கடைக்காரம்மா கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இப்போது என்ன சொல் சொல்லப்போகிறார் பார்ப்போம் என்று ஆவலாகக் காத்திருந்தேன். "மை டீத் ஹாவ் கான் ஃபர்ரி" என்றார். பல்லில் ரோமம் முளைத்துவிட்டதாம்! சொல் இல்லாவிட்டால் என்ன, இது போதாதா? வெறும் தேநீரை அதிக நேரம் ஊறவிட்டால் வரும் துவர்ப்பை ஸ்டூட் என்கிறார்கள், ஒயின் குடிப்பவர்கள் அதையே டானின் என்று பெரிய மனிதர் மாதிரிச் சொல்வார்கள். ஆளுக்கு ஒன்று, பொதுவாக ஒன்றும் இல்லை.

குளிர்காலத்தில் கடையில் தினம் ஒரு சூப் உண்டு, கரும்பலகையில் எழுதிவைப்பது என் வேலை. ஒரு நாள் கடைக்காரம்மா எழுதச் சொன்ன பெயர் எனக்கு விளங்கவில்லை, மலிகட்டோனி என்று கேட்டது, இத்தாலிக்காரச் சமாசாரம் போல என்று நினைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டச் சொன்னேன். எம், யூ, இரண்டு எல் என்று அவர் சொல்லச் சொல்ல சாக்பீஸ் பாதியில் நின்றுவிட்டது. மிளகுத்தண்ணி. எங்கள் வீட்டில் சளி பிடித்தால் பாட்டி வைக்கிற மிளகுத்தண்ணி. அகப்பையில் எடுத்துப் பார்த்தேன், பருப்பு, கோழி, கேரட், கறிப்பொடி, ஆப்பிள் துண்டு. மிளகு இருந்த மாதிரியே தெரியவில்லை. "திஸ் இஸ் மை லாங்குவேஜ்" என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பலகையைப் பார்த்தார்கள். சூப்பைப் பார்த்து அவமானப்படுவதா, பெயரைப் பார்த்துப் பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. கறியும் மாங்காயும்கூட நம்மிடமிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது என்று எங்கோ படித்தது வேறு, பலகை வேறு, அதை நம் கையாலேயே சாக்பீஸால் எழுதுவது வேறு.

அன்றைக்கு முதலில் வந்த அம்மா கேட்டார், "இஸ் இட் ஹாட்?" காரமா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "நோ நோ, நாட் அட் ஆல்" என்று அடித்துச் சொன்னேன். ஆறிப்போன சூப்பை யார் வாங்குவார்கள்? போய்விட்டார். சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது சோம்பேறித்தனம் என்று அப்போது திட்டினேன். பிறகு 2021இல் மருத்துவ நோபல் பரிசு பற்றிப் படித்தபோது திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. டேவிட் ஜூலியஸ் கண்டுபிடித்தது என்னவென்றால், ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் போனால் சூடு என்று உடம்புக்குச் சொல்லும் அதே நரம்பு உணர்வாங்கிதான் மிளகாயின் கேப்சைசினையும் பிடித்துக்கொள்கிறது. நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஹாட் சரியான சொல்தான்.

சூப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் தேடியபோது ஹாப்சன் ஜாப்சனில் போய் நின்றேன், வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் பொறுக்கிய சொற்களுக்கு 1886இல் வந்த அகராதி அது, தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அந்தக் காலத்தில் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளை, மிளகுத்தண்ணியாகக் குடித்துத் தள்ளியதால், மல் என்று கேலியாகக் கூப்பிடுவார்களாம். பம்பாய்க்காரர்களுக்குப் பட்டப்பெயர் என்ன தெரியுமா? பாம்பே டக் என்கிற கருவாட்டைத் தின்றதால், டக்.

மறுநாள் அந்தப் பெரியவர் வந்தார், அதே சீஸ் காப், மீ டக். காப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, சார், நியாயப்படி நான் டக் இல்லை, மல், மதராஸ் பக்கம் என்று சொல்லி, முழுக் கதையையும் சொன்னேன், பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். "ரைட் யூ ஆர், டக்" என்று சொல்லிவிட்டு, பிரவுன் சாஸ் போட மறந்துவிட்டாய் என்று காப்பைத் திருப்பி நீட்டினார்.